அடிக்கம்பி

முகமது பாரூக்கின் கைக்கு அந்தக் கிதார் வந்து சேர்ந்ததே, குழுவில் வேறு யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்காததால்தான்.

அது 1963-ஆம் வருடம். திண்டுக்கல் மெயின் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஞானதாஸ், கடையோடு சேர்த்து ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்திவந்தார். கல்யாண வீடு, திருவிழா, மில் ஆண்டுவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். கொடைக்கானல் பள்ளிக்கூடத்து அமெரிக்க வாத்தியார் ஒருவர் பழுது பார்க்கச் சொல்லி ஒரு ஆம்ப்ளிஃபையரை அவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பழுது தீர்வதற்குள் வாத்தியாருக்கு ஊர் திரும்பும் உத்தரவு வந்துவிட்டது. கப்பலில் கொண்டுபோக வழியில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதற்குச் சோடியான கிதாரையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பெட்டியைத் திறந்து பார்த்த குழுக்காரர்கள் சப்பென்று ஆகிப்போனார்கள். ஆறு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. ஒவ்வொன்றும் அந்தத் தடிமன். மீட்டினால் கொட்டகையில் எருமை கனைத்த மாதிரி ஒரு சத்தம். அதில் எந்தப் பாட்டையும் வாசிக்க முடியாது. அதுவரை ஓரமாக நின்று கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்த பாரூக்கைக் கூப்பிட்டு, ஞானதாஸ் அதை அவன் தோளில் மாட்டிவிட்டார்.

"ஏலே பாரூக், நீ ஒண்ணும் பெருசா பண்ண வேண்டாம். பாட்டுக்காரன் எந்தச் சுரத்துல நிக்கிறானோ, நீ கீழ போயி அதே சுரத்தைப் பிடிச்சுக்க. அம்புட்டுத்தான்."

பாரூக்குக்கு அப்போது இருபத்தொரு வயது. பேகம்பூரில் அவன் அத்தாவுக்குத் தோல் மண்டி. காலையில் மண்டியில் உப்புத் தோலைப் பிரித்து அடுக்குவான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் சாயங்கால அசர் தொழுகை வரை அவன் நேரம் அவனுக்கு. அத்தாவுக்குப் பாட்டு என்றால் ஆகாது. ஆனாலும் மண்டி வேலை கெடாதவரை அவர் கண்டும் காணாமல் இருந்தார். அம்மா இல்லாத வீடு. அடுப்படியைப் பார்த்துக்கொண்டது அக்கா நர்கீஸ்.

நர்கீஸ் அவனைவிட ஆறு வயது மூத்தவள். அவள் புருஷன் சனாவுல்லா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். கல்யாணமான மூன்றாம் வருடமே நெஞ்சு நோய் கண்டு, பதினோரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து மௌத்தாகிப் போனார். பிள்ளைகள் இல்லை. துக்கம் காக்கிற இத்தா முடிந்ததும் அத்தா அவளை அழைத்து வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவள் மாடி அறையில் உட்கார்ந்து, வேலை இல்லாத நேரமெல்லாம் தொழுகைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசுவதில்லை. அவள் பேசுவாள் என்று வீட்டில் ஒருவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த மாடி அறையில்தான் பாரூக் கிதாரை வைத்துக்கொண்டு பழகினான். ஆம்ப்ளிஃபையர் ஞானதாஸ் கடையில் இருந்தது. அது இல்லாமல் மீட்டினால் சத்தம் அந்த அறையைத் தாண்டாது. ஒரு வாரம் நர்கீஸ் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டாவது நாளோ என்னவோ, தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏன் தம்பி அந்தப் பாட்டுக்குப் பின்னாடியே ஓடுற?"

"ஓடலக்கா. கீழ வாசிக்கிறேன்."

"ஓடத்தான் செய்யிற. அது நிக்கிற எடத்துக்கெல்லாம் ஓடிப்போயி நீயும் நிக்கிற. உனக்குன்னு காலு இல்லையா? நீ பாட்டுக்குத் தனியா நடந்து வா. சேர வேண்டிய எடத்துல சேர்ந்தாப் போதும்."

"எப்படி நடக்கிறது?"

 அவள் வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே முனகிக் காட்டினாள். அவன் வாசித்துக்கொண்டிருந்த பாட்டுக்குக் கீழே, அதில் ஒட்டாமல், அதை விட்டும் போகாமல், ஒரு சத்தம் இறங்கி ஏறியது. பாரூக் கம்பியில் தேடித் தேடி அதைப் பிடித்தான். பிடித்து வாயால் மேல்பாட்டையும் பாடிப் பார்த்தபோது அவன் கைமயிர் சிலிர்த்துவிட்டது. நூறு தடவை கேட்ட பாட்டு. அதற்கு முதுகெலும்பு முளைத்த மாதிரி இருந்தது.

"எங்கேருந்துக்கா இது?"

"தெரியல. ஷாப்புல தோல் உருட்டுற மர உருளை இருக்குல்ல, சின்னதுலேருந்து அதைக் கேட்டுக்கிட்டே கெடக்கோம். ஈரத் தோலு மேல போயி விழுறப்ப ஒரு தொம். வழுக்கி எறங்கறப்ப கூடவே ஒரு சின்னத் தும். உன் சத்தத்துக்கு அந்தச் சின்னது இல்ல. அதைத்தான் போட்டேன்."

அப்படி ஆரம்பித்தது. அடுத்த ஒத்திகையில் பாரூக் அதை வாசித்தபோது ஞானதாஸ் அக்கார்டியனை நிறுத்திவிட்டார்.

"ஏலே, எங்கேருந்து பிடிச்ச அப்பு?"

"சும்மா வந்துச்சுண்ணே."

அப்போது அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் கூச்சம்தான். தாலியறுத்து வீட்டில் இருக்கிற அக்கா முனகினாள் என்று ஏழெட்டு ஆம்பிளைகள் நடுவே எப்படிச் சொல்வது. பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மூன்று வருடம் இப்படியே போனது. புதுப் பாட்டு எது வந்தாலும் பாரூக் ரேடியோவில் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து அக்காவிடம் பாடிக் காட்டுவான். அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்பாள். சில பாட்டுக்கு உடனே வந்துவிடும். சிலதுக்கு மூன்று நாள் ஆகும். திடீரென்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "தம்பி, அந்தப் பாட்டுக்கு ஃபக்கீர்மாருங்க தாயிரா தட்டுற மாதிரி போடு. நடுவுல ரெண்டு, ஓரத்துல ஒண்ணு." ஒரு சமயம், ஈஸ்டர் பண்டிகைக்குக் கோயில்காரர்கள் தெரு வழியே பாடிக்கொண்டு போனதைச் சன்னல் மறைப்புக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"அதுல அடித்தொண்டைக்கார ஆம்பளைங்க நாலு பேரு இருந்தாங்க, கவனிச்சியா? மத்தவங்கதான் பாடுறாங்க. அவங்க நாலு பேரும் பாட்டோட கூட நடந்து வர்றாங்க. நீ அவங்க மாதிரி இருக்கணும்."

அவள் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. ஆம்ப்ளிஃபையரில் அந்தக் கிதார் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. பாரூக் இல்லாத நேரத்தில் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறாள் போல. ஒருநாள் அடிக்கம்பியில் தொப்பி நூலின் வெள்ளைப் பிசிறு ஒன்று சிக்கிக் கிடந்தது. 

ஞானதாஸ் சொந்தமாக ஒரு கல்யாணப் பாட்டு கட்டினார். குதியாட்டம் போட வைக்கிற பாட்டு. அதற்குப் போடும்போது மூன்றாவது அடியில் நர்கீஸ் சொன்னாள், "இங்க விட்டுரு. வாசிக்காத."

"எம்புட்டு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

அவன் விட்டான். அவள் ஊசி நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அவன் மீட்டினான்.

"தாளக் கணக்குக்கு வரலையேக்கா."

"வராது. காத்திரு. வரும்."

அந்தக் காத்திருப்பை அவன் எண்ணிப் படிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே படித்தான். கல்யாண வீடுகளில் அந்த இடம் வரும்போது பந்தியில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்துவார்கள். என்னமோ நின்றுபோன மாதிரி எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள். பாரூக்கின் அடிக்கம்பி தொம் என்று விழும். உடனே கூட்டம் முழுக்க ஒரு சிரிப்பு, கைதட்டல். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வடமதுரை வரைக்கும் "அந்த நிப்பாட்டுப் பாட்டைப் போடுங்கப்பா" என்று கேட்காத கல்யாணம் இல்லை.

1966 பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் ஒரு லாட்ஜ்காரர் வீட்டு விசேஷம். மொட்டை போட வந்திருந்த மெட்ராஸ்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சினிமாவில் ஒரு மியூசிக் டைரக்டருக்கு உதவியாளர். கச்சேரி முடிந்ததும் சந்தனம் பூசிய தலையோடு நேரே பாரூக்கிடம் வந்தார்.

"அந்த மூணாவது அடியில விட்டியே, அது யார் சொல்லிக் கொடுத்தது?"

பாரூக் வாயைத் திறப்பதற்குள் ஞானதாஸ் முந்திக்கொண்டார். "யாரும் சொல்லித் தரலீங்க. பூராவும் அவனே சொந்தமாப் போடுறதுதான்."

மெட்ராஸ்காரர் பாரூக்கையே பார்த்தார். "அப்படியா?"

"ஆமாங்க," என்றான் பாரூக்.

சொல்லும்போது அது பொய் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. மூன்று வருடம் அவன் விரல்தானே தேய்ந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது நர்கீஸின் முகம் விரிந்தது. "மெட்ராஸுக்கா கூப்பிட்டாரு? நெசமாவா?" என்று ரெண்டு மூன்று தரம் கேட்டாள். பிறகு, "யாரு போட்டதுன்னு கேட்டாராக்கும். என்ன சொன்ன?" என்றாள்.

"நான்தான்னு சொன்னேன்."

அவள் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். "வேற என்னத்தச் சொல்லுவ," என்றாள். 

அதே வாரம்தான் வடமதுரைச் சம்பந்தம் வந்தது. சேக் பரீது என்று பெயர். பலசரக்குக் கடைக்காரர். மனைவி இறந்து ஒன்றரை வருடம், மூன்று பிள்ளைகள். நல்ல மனுஷர், ஒரு வேளைத் தொழுகையை விடாதவர் என்று சொன்னார்கள். அத்தாவுக்குப் பிடித்துவிட்டது. "நான் இருக்கிற வரைக்கும் சரி. எனக்கப்புறம் அவளை யாரு பாப்பா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

பாரூக் மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டியதற்கு முதல் நாள், நர்கீஸ் மாடிக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"தம்பி, அத்தாட்ட ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு வேண்டாம்னு."

"நீயே சொல்லலாமேக்கா."

"நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு. உன்னை மெட்ராஸுக்குக் கூப்பிட்டதுலேருந்து உன் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கு. நீ சொன்னா கேப்பாரு. எனக்கு ஒரு நோயாளியப் பாத்தது போதும், ஒரு வீடு போதும். இங்கயே இருந்துக்கிறேன். உனக்குப் போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்துக்கிறேன்."

பாரூக் சரி என்று தலையாட்டினான். சாயங்காலம் அத்தாவின் அறை வாசல் வரை போனான். அத்தா அவனுடைய துணிப்பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாட்டு ஆகாத மனுஷர் அவன் பயணத்துக்குச் சம்மதித்ததே பெரிது. இந்த நேரத்தில் எதிர்த்துப் பேசப்போய், மெட்ராஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அவன் பூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"சொன்னியா?" என்று கேட்டாள் நர்கீஸ்.

"வந்து பேசிக்கிறேங்க்கா. பத்து நாளுதானே. அதுக்குள்ள ஒண்ணும் நடந்துராது."

மெட்ராஸில் அவனைக் கோடம்பாக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்க வைத்தார்கள். மூன்றாம் நாள் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். முப்பது நாற்பது பேர் வயலினும் குழலுமாக உட்கார்ந்திருந்த கூடம். ஒரு புதுப் பாட்டைப் பாடிக் காட்டிவிட்டு உதவியாளர் சொன்னார், "மத்தவங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கு. உனக்கு எழுதல. உன் இஷ்டத்துக்கு நீயே ஒண்ணு போடு. பழனில கேட்ட மாதிரி."

பாரூக் மீட்டினான். பாட்டு நின்ற இடங்களில் எல்லாம் போய் நின்றான். ரெண்டாவது தடவை, கல்யாணப் பாட்டுக்கு அக்கா போட்டதை அப்படியே எடுத்து வைத்துப் பார்த்தான். உதவியாளர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இது அங்கே வாசிச்சதுதானே தம்பி. இந்தப் பாட்டு வேற. இதுக்குன்னு யோசி. அவசரமில்ல, வியாழக்கிழமை வரை டைம் இருக்கு."

அவன் லாட்ஜுக்கு வந்து தரையில் உட்கார்ந்து யோசித்தான். தெருவில் போன சத்தம் எல்லாவற்றையும் கேட்டான். சாலைப் பள்ளத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி இறங்குவது, வண்ணான் துணி அடிப்பது, எல்லாம் காதில் விழுந்தன. எதுவும் உள்ளே போய் வேறொன்றாக மாறவில்லை. அக்காவுக்குக் கடிதம் எழுதினான். பாட்டின் வரிகளை எழுதி, எந்த இடத்தில் இழுக்கிறது, எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டினான். சீக்கிரம் போட்டு அனுப்பு என்று முடித்தான். அவள் கேட்டிருந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வியாழக்கிழமை வந்தது. அவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு உதவியாளர் சத்தம் போடவில்லை. "பரவால்ல, ஊருக்குப் போயி இன்னும் பழகிட்டு வா," என்று தோளில் தட்டினார். வேறொருவர் தரையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய பிடிலைக் கொண்டுவந்து, எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் நர்கீஸின் பதில் வந்தது. அரைத்தாளில் அவளுடைய சின்ன எழுத்து. தும், துதும், தும் என்று பாட்டு முழுவதற்கும் எழுதியிருந்தாள். விட வேண்டிய இடங்களில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தாளாக விட்டிருந்தாள். கீழே ரெண்டு வரி. "வருகிற புதன்கிழமை நிக்காஹ். நீ வந்துவிடுவாயா?"

அவன் கிதாரை எடுத்து அவள் எழுதியதை வாசித்தான். முதல் நாலு அடியிலேயே தெரிந்துவிட்டது. இதுதான் அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கே ரயில் ஏறியிருந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். ஏறவில்லை. இதை மட்டும் ஒரு தடவை உதவியாளர் காதில் போட்டுவிட்டால் போதும் என்று ஸ்டுடியோ வாசலுக்குப் போனான். அன்றைக்கு அவர் வரவில்லை. ஞாயிறு விடுமுறை. திங்கள் அவர் வெளியூர். செவ்வாய்க்கிழமை, ஊர் ரயிலும் போய்விட்ட ராத்திரி நேரத்தில் பார்க்க முடிந்தபோது, "அந்தப் பாட்டு ரெக்கார்டிங் முடிஞ்சு போச்சேப்பா," என்றார்.

வியாழக்கிழமை காலை திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போனான். வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாடி அறையில் பின்னி முடிக்காத தொப்பி ஒன்று ஊசியோடு கிடந்தது. அத்தா, "ஒரு நாளு முன்னாடி வந்திருக்கக் கூடாதா? வாசல் வாசல்னு பாத்துக்கிட்டே போனா," என்றார்.

அவனுக்கு வடமதுரைக்குப் போகத் துணிச்சல் வருவதற்கு ஒன்பது மாதம் பிடித்தது. நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் மத்தியானம் போனான். நர்கீஸ் நன்றாகத்தான் இருந்தாள். கடைசிப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வா தம்பி என்றாள், தண்ணீர் கொடுத்தாள், ஆட்டுக்கறியும் கத்திரிக்காய் வெஞ்சனமும் வைத்துச் சோறு போட்டாள். பிள்ளைகள் வெளியே போன பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

"அக்கா, நான் அன்னிக்கு அத்தாட்ட சொல்லியிருக்கணும்."

"சாப்பிடு."

"ஞானதாஸ் அண்ணன் நோட்டீஸ் அடிக்கப் போறாரு. அதுல பேஸ் கிதார் அமைப்பு நர்கீஸ்னு போடச் சொல்லலாம்னு இருக்கேன். எல்லாம் உன்னோடதுதானே."

நர்கீஸின் கை குழம்புக் கரண்டியிலேயே நின்றது. "கூத்து நோட்டீஸுல என் பேரா? சுவரு சுவரா ஒட்டுவாங்களே. அதுக்கப்புறம் நான் இந்த வீட்டுல எப்படி இருக்கிறது? அவரு நல்லவரு தம்பி. அவருக்கு ஒரு தலைகுனிவு வர விடமாட்டேன். அந்தப் பேச்சை இத்தோட விட்டுரு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, நெடுநாள் கேட்க நினைத்ததைக் கேட்டான். "அந்த நிப்பாட்டு மட்டும் எங்கேருந்து எடுத்தேன்னு நீ சொல்லவே இல்ல."

அவள் வாசலைப் பார்த்தாள்.

"சனாவுல்லா மச்சானுக்குக் கடைசி மாசமெல்லாம் மூச்சு அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு இழுப்பாரு. நின்னு போயிரும். அடுத்தது வருமா வராதான்னு நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் பெருசா ஒண்ணு விடுவாரு. அதைக் கேட்டதும் எனக்கு உசுரு வரும். ராவும் பகலும் கேட்டது. அது காதை விட்டுப் போகலை. உனக்குப் போட்டப்ப தன்னால வந்துச்சு."

பாரூக் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். எத்தனை கல்யாணம், எத்தனை கைதட்டல். அந்த இடம் வரும்போதெல்லாம் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிற பழக்கம்கூட அவனுக்கு இருந்தது.

"ஏன்க்கா அதைக் குதியாட்டப் பாட்டுக்குப் போட்ட?"

"அந்தப் பாட்டுல மட்டுந்தான் நின்ன மூச்சு தவறாம திரும்பி வந்துச்சு," என்றாள்.

அப்போது சேக் பரீது கடையிலிருந்து வந்துவிட்டார். "வாங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கச்சேரியெல்லாம் எப்படிப் போகிறது என்று மரியாதைக்குக் கேட்டார். "உங்க அக்காவுக்கு இந்தப் பாட்டு விவகாரமெல்லாம் ஏதாச்சும் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே நர்கீஸைப் பார்த்தார்.

"எனக்கு என்ன தெரியும்," என்றாள் நர்கீஸ்.

திண்டுக்கல் திரும்பியதும் பாரூக் நேரே ரேடியோ கடைக்குப் போனான். பேரை நோட்டீஸில் போட முடியாவிட்டாலும் ஒரு ஆளுக்காவது உண்மை தெரியட்டும் என்று நினைத்தான். ஞானதாஸ் ஒரு பழைய வால்வைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"மெட்ராஸ்ல வாய்க்கலைன்னதும் மனசு விட்டுட்ட, அம்புட்டுத்தான். அதுக்காக வீட்டுப் பொம்பளைங்க தலையிலயா தூக்கிக் கட்டுவ? ஒரு கச்சேரி கேட்டிராத புள்ள, கிதாருக்குப் போட்டுச்சாம். போ அப்பு, போயி ரெண்டு நாளு ரெஸ்ட் எடு."

"நெசமாத்தாண்ணே சொல்றேன்."

"சரி, நெசம்தான். போ."

அதற்குப் பிறகு பாரூக் கல்யாணப் பாட்டில் அந்த இடத்தைத் தாளத்தோடு நிரப்பி வாசித்துவிட்டான். கூட்டம் ஏமாந்தது. புதுப் பாட்டுக்கெல்லாம் பாட்டுக்காரன் நின்ற சுரத்தைக் கீழே நின்று பிடித்தான். மெட்ராஸ் போய் வந்ததிலிருந்து பயலுக்குக் கை மந்தமாகிவிட்டது என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. மாதம் ஒருமுறை வடமதுரைக்குப் போய் வர ஆரம்பித்திருந்தான். அக்கா வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடக்கும்போது, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வந்துவிட்ட நினைப்பில் நாலு எட்டு வேகமாக நடப்பான். திரும்பிப் போகலாமா என்று நிற்பான். போய் என்ன சொல்ல என்று மறுபடி மெதுவாக நடப்பான். ஒருநாள் அந்த நடையே காதுக்குள் கேட்டது. வீட்டுக்கு வந்து அதை அடிக்கம்பியில் பிடித்தான். ஒரு பழைய பாட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தான். இருந்தது. யாரும் முனகிக் காட்டாமல் அவனுக்கு வந்த முதல் வாசிப்பு அது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

அதை அவன் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை. 1968 மாசியில் வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்கு ஞானதாஸ் குழுவைக் கூப்பிட்டார்கள். பந்தல் அக்கா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. சாயங்காலம் ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டார்கள். தெருமுனை வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அது நர்கீஸின் வீட்டுப் பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. பாரூக் அன்று தன்னுடையதை வாசித்தான். ஞானதாஸ் திரும்பிப் பார்த்தார். தபேலாக்காரர் சிரித்துத் தலையாட்டினார். கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனான். சேக் பரீது கடைக்குப் போயிருந்தார். நர்கீஸ் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து கேட்டியாக்கா?"

"கேட்டுச்சே. பூராப் பாட்டும் கேட்டுச்சு. அந்தப் பாட்டுக்காரரு நல்லாப் பாடுனாரு."

"நான் வாசிச்சது?"

அவள் ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "குழாயில கீழ் சத்தம் வரலையே தம்பி. பாட்டும் தபேலாவும்தான் கேட்டுச்சு. நீ வாசிக்கிறியா இல்லையான்னே தெரியல."

ரேடியோ கடையில் அத்தனை வருடம் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வைத்தவனுக்கு அது தெரியாமல் போயிற்று. அந்தத் தகரக் குழாய் மேல்சத்தத்தைத்தான் கொண்டுபோகும். அடிக்கம்பி பந்தலைத் தாண்டாது.

"நான் ஒண்ணு போட்டேங்க்கா. நானே. பாடிக் காட்டவா?"

"காட்டு."

அவன் முற்றத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் தொண்டைக்குள் முனகினான். நாலு எட்டு வேகமாக, ஒரு நிப்பு, மறுபடி மெதுவாக. அவள் கை மிளகாயைப் பரப்பிக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். இங்கே இறக்கு, அங்கே விடு, உனக்குக் காலு இல்லையா என்று ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான்.

"நல்லாயிருக்கு தம்பி," என்றாள் நர்கீஸ். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடம் பேசுகிற அதே குரல். "ரொம்ப நல்லாயிருக்கு. டீ போடவா, குடிச்சிட்டுப் போறியா?"

"போடுக்கா," என்றான் அவன்.

அவள் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சின்னப் பெண் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, காயாத மிளகாய் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தது. உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தமும், தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டன. அவள் முனகுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.